உதவி தேவை: .32 பிஸ்டல் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது

வெள்ளலூரான்
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உரிமம் பெற்ற .32 பிஸ்டல் ஒன்று இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை ரைஃபிள் கிளப்பில் சுட்டபோது இரண்டு மூன்று குண்டுகளுக்கு ஒருமுறை சிக்கிக்கொண்டது. ஸ்லைடை இழுத்துவிட்டால் மறுபடி சுடுகிறது. சற்று நேரத்தில் மீண்டும் சிக்குகிறது. முன்பெல்லாம் இப்படி ஆனதே இல்லை. கழற்றித் துடைத்து எண்ணெயும் போட்டுவிட்டேன். ஸ்பிரிங் மாற்றினால் போதுமா? அடுத்த வாரம் வெளியூர் போகவேண்டியிருப்பதால், அறிந்தவர்கள் விரைந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

சுடுகளத்துக்காரர்
நண்பரே, “சிக்கிக்கொள்கிறது” என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. காலி உறை (சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடு), மேலே முன்பின் ஓடும் ஸ்லைடுக்கும் குழலுக்கும் நடுவே நிமிர்ந்து நின்றுவிட்டதா? அடுத்த ரவையின் (முழுத் தோட்டாவின்) மூக்கு, குழலின் பின்முனையில் அது அமரும் அறையான சேம்பருக்குள் ஏறாமல் முட்டி நின்றதா? சுட்ட உறை சேம்பரைவிட்டு வெளியே வராமலே இருந்ததா? அல்லது விசையை அழுத்தியபோது ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுபோய், குண்டே வெடிக்கவில்லையா? இதற்கு விடை தெரியாமல் ஸ்பிரிங் வாங்குவது வீண் செலவு.

மேலும், பிஸ்டல் எந்தக் காலத்தது, எந்த ரவை, அது எவ்வளவு பழையது, மேகசின் (ரவைகளை அடுக்கும் பெட்டி) ஒன்றா இரண்டா, வேறு யாரேனும் சுட்டபோதும் இப்படி ஆனதா என்பதையும் எழுதுங்கள். அதற்குமுன் ஒரு வேண்டுகோள்: வீட்டில் சோதிப்பதானால் முதலில் மேகசினை வெளியே எடுத்துவிட்டு, பிறகு ஸ்லைடை இழுத்து, சேம்பருக்குள் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டாலஸ்வாசி
பத்தில் எட்டு முறை கோளாறு துப்பாக்கியில் இருக்காது, பிடியில்தான் இருக்கும். மணிக்கட்டைத் தளரவிட்டால் ஸ்லைடு பின்னோக்கி ஓடும்போது துப்பாக்கியின் உடலும் அதனுடன் சேர்ந்து பின்னால் வந்துவிடும். ஸ்லைடு முழுத் தூரம் போகாமல் பாதியிலேயே திரும்பும். காலி உறை வெளியே எறியப்படாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். என் மனைவியின் 9 மி.மீ. பிஸ்டல் அவர் கையில் ஓயாமல் சிக்கியது. என் கையில் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. பயிற்றுநர் அவருடைய பிடியைத் திருத்தியதும் சிக்கல் நின்றது. இங்கே டெக்சஸில் புதிய பிஸ்டலை நம்பி வைத்துக்கொள்வதற்கு முன் இருநூறு குண்டுகளாவது சுட்டுப் பார்ப்பது பலருடைய வழக்கம். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

தாமிரக்கரை
எந்த எண்ணெய் போட்டீர்கள் என்பதை யாருமே கேட்கவில்லையே. எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது சில மாதங்களில் அடிப்பிடித்த பாகு போல இறுகிவிடும். என் மாமாவின் பிஸ்டலைத் திறந்தபோது, ரவையின் அடியைக் குத்தும் ஃபயரிங் பின் அதன் துளைக்குள் அசையவே மறுத்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்த பின்புதான் விடுபட்டது. எண்ணெய் அதிகமாக இருந்தாலும் ஆபத்துதான். சேம்பரிலும் மேகசினிலும் எண்ணெய் இருந்தால் அது ரவையின் அடியில் தீமூட்டும் பிரைமருக்குள் இறங்கி வெடிமருந்தைக் கெடுத்துவிடக்கூடும்.

பழைய ஆர்மரர்
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. பிஸ்டலின் வயதைச் சொல்லாமல், ரவையின் வயதைச் சொல்லாமல், “அடுத்த வாரத்துக்குள் சரியாக வேண்டும்” என்று கேட்பவருக்குச் சோதிடர்தான் உதவ முடியும்.

டாலஸ் நண்பருக்கும் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் சொல்லும் மணிக்கட்டுக் கதை, சுடும் கணத்தில் குழலையும் ஸ்லைடையும் பிணைத்து வைக்கும் பூட்டுப் பொறி கொண்ட இலகுவான பிளாஸ்டிக் உடல் 9 மி.மீ. பிஸ்டலுக்கு நன்றாகப் பொருந்தும். .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவை பூட்டே இல்லாத நேர்ப் பின்னுதைப்பு வகை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. உடல் முழுவதும் இரும்பாகவும் இருந்தால் தளர்ந்த மணிக்கட்டு அவ்வளவு எளிதாக அதை நிறுத்தாது. இருநூறு குண்டு சுட்டுப் பார்க்கச் சொல்கிறீர்களே, உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ரவை வாங்க முடியாத நாட்டில் அவர் இருக்கிறார் என்பதையும் சற்று நினைத்துப் பாருங்கள்.

வெள்ளலூரான்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். அப்பாவிடமிருந்து உரிமம் மாற்றி வந்த பழைய ஐரோப்பியப் பிஸ்டல் இது. பெரும்பாலும் காலி உறைதான் நிமிர்ந்து நின்றுகொள்கிறது. ஆனால் ஒருமுறை ஸ்லைடு பாதியில் நின்று, எவ்வளவு தள்ளியும் முன்னே போகவில்லை. மேகசினை உருவியபோது மேலிருந்த இரண்டு ரவைகளும் ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் பின்னிக்கொண்டிருந்தன. மேகசின்கள் இரண்டு உண்டு. எதில் ஆனது என்று கவனிக்கவில்லை. ரவைகளில் பாதி புதியவை. மீதி துப்பாக்கியோடு வந்தவை. தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றபின் இப்போதுதான் முதல்முறையாகச் சுடுகிறேன். எண்ணெய், தையல் இயந்திரத்துக்குப் போடுவது.

சுடுகளத்துக்காரர்
இப்போதுதான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு கோளாறுகள். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

முதலில், பின்னிக்கொண்ட ரவைகள். .32 பிஸ்டல்களுக்கான .32 ஏசிபி ரவையை அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வடிவமைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அதன் அடிப்பக்கத்தில் உள்ள விளிம்பு உடலைவிட விட்டத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீண்டிருக்கும், 9 மி.மீ. லூகர் போன்ற ரவைகளில் இந்த நீட்டம் கிடையாது. மேகசினில் மேலே உள்ள ரவையின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமர்ந்திருக்கவேண்டும். அது பின்னால் போய்விட்டால், ஸ்லைடு மேல் ரவையைத் தள்ளும்போது அதன் விளிம்பு கீழ் ரவையின் விளிம்பில் மாட்டிக்கொண்டு இரண்டும் நகராமல் நின்றுவிடும். ஸ்லைடை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பிடி இன்னும் இறுகுமே தவிர விடாது. மேகசினை உருவி, மேல் ரவையை மெல்லப் பின்னிழுத்துத் தூக்கி விடுவிப்பதுதான் வழி. திருப்புளியால் நெம்பவே கூடாது. பிரைமர் மீது அதன் முனை பட்டுவிட்டால் விளைவு வேறாகிவிடும்.

மூக்குக் குழிந்த ரவைகள் நீளம் குறைந்தவை என்பதால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைக்கிறது. அவற்றில்தான் இந்தப் பின்னல் அதிகம் நேர்கிறது. உங்கள் புதிய ரவை எந்த வகை? உருண்டை மூக்கு ரவையாக இருந்தால், நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் முன்னால் அமர்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்து நிரப்புங்கள். நிரப்பிய மேகசினைப் பையில் போட்டுக் குலுங்க விடாதீர்கள்.

தாமிரக்கரை
அப்படியானால் நிமிர்ந்து நிற்கும் உறைக்கு நான் சொன்ன எண்ணெய்தான் காரணம். காவல் நிலைய அறையில் சில வாரங்கள் கிடந்த துப்பாக்கியில் பழைய எண்ணெய் இறுகாமல் இருந்தால்தான் வியப்பு. எங்கள் ஊரில் ஒருவருடைய துப்பாக்கி திரும்பி வந்தபோது சேம்பருக்குள் துரு படர்ந்திருந்தது.

பழைய ஆர்மரர்
கொஞ்சம் பொறுங்கள், தாமிரக்கரை. மேலே தடவிய எண்ணெயை அவர் துடைத்துவிட்டார். அவர் துடைக்காத இடம் ஒன்று உண்டு. எல்லோரும் தவறவிடும் இடம் அதுதான். ஸ்லைடின் பக்கத்தில், உறையைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில், உறைகளிலிருந்து உதிர்ந்த பித்தளைத் துகளும் கரியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து கெட்டியாக அடைந்திருக்கும். குண்டூசி முனையால் கிளறினால் கரும்பழுப்பு நிறத்தில் பிசின் போல வரும். அது அங்கே இருக்கும்வரை கொக்கி உறையின் விளிம்பை முழுதாகப் பிடிக்காது.

நேர்ப் பின்னுதைப்புப் பிஸ்டலில் ஒரு வேடிக்கை உண்டு. சுடும்போது வாயுவின் அழுத்தமே உறையைப் பின்னால் தள்ளிவிடுவதால், எக்ஸ்ட்ராக்டர் உடைந்திருந்தாலும் உறை சேம்பரைவிட்டு வெளியே வரத்தான் செய்யும். ஆனால் உறையை வெளியே தட்டிவிடும் எஜெக்டரில் மோதும்வரை அதை ஸ்லைடின் முகத்தோடு அணைத்துப் பிடிக்க ஆள் இருக்காது. அதனால் போகவேண்டிய திசை தெரியாமல் நடுவழியில் நிமிர்ந்து நின்றுவிடும். உங்களுக்கு நடப்பது அதுவாகவே இருக்கக்கூடும். இதன் ஆபத்தான பக்கத்தையும் கேளுங்கள்: சுடாத ரவையைக் கையால் ஸ்லைடை இழுத்து வெளியேற்ற முயலும்போது அதைத் தள்ள வாயு இல்லை, கொக்கி மட்டுமே உண்டு. கொக்கி பிடிக்காவிட்டால் ரவை சேம்பரிலேயே தங்கிவிடும். “மேகசினை எடுத்தேன், ஸ்லைடை இழுத்தேன், காலியாகத்தான் இருக்கிறது” என்று நம்பியவர்களால் நேர்ந்த விபத்துகள் இப்படிப்பட்டவையே.

ஆறறை
இத்தனை விளக்கமும் எதற்கு? ரிவால்வர் வாங்கியிருந்தால் இந்த இழையே இல்லை. ஒரு ரவை வெடிக்கவில்லையா, விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்து நிற்கும். மேகசின் இல்லை, கொக்கி இல்லை, மணிக்கட்டும் தேவையில்லை.

டாலஸ்வாசி
ரிவால்வர் சிக்காது என்பது துப்பாக்கியைப் பீரோவில் வைத்திருப்பவர்களின் நம்பிக்கை. 1911 மார்ச் மாதம் அமெரிக்க ராணுவம் நடத்திய தேர்வில் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டல் 6,000 குண்டுகளை ஒரு சிக்கல்கூட இல்லாமல் சுட்டது. சூடு தாங்காதபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். இயந்திரம் சரியாக இருந்தால் பிஸ்டலும் நிற்காது.

ஆறறை
நூறாண்டுக்கு முந்தைய தேர்வைச் சொல்லி என்ன பயன்? அங்கே புதிய துப்பாக்கி, புதிய ரவை. இங்கே அப்பா காலத்து ரவை, தேர்தல்தோறும் ஒப்படைப்பு. இந்தச் சூழலுக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

பழைய ஆர்மரர்
இருவரும் பாதி சொல்கிறீர்கள். ரிவால்வர் அடிக்கடி நிற்காது என்பது உண்மைதான். ஆனால் நின்றால் பெரும்பாலும் பட்டறைக்குப் போகவேண்டியிருக்கும். உறைகளை வெளியேற்றும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் நான்கு புகுந்தால் சிலிண்டர் சுழலாது. அந்தத் தகட்டைத் தள்ளும் எஜெக்டர் தண்டு திருகு கழன்று நீண்டால் சிலிண்டர் திறக்கவே திறக்காது. பிரைமர் சரியாக அழுந்தாத ரவை ஒன்று துப்பாக்கியின் சட்டகத்தில் உரசினாலும் அதே கதை. நடுவில் மடங்கும் வகை ரிவால்வரில் காலி உறையின் விளிம்பு நட்சத்திரத்துக்கு அடியில் நழுவிவிட்டால், நகத்தால் சுரண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். பிஸ்டல் சிக்கினால் மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்து, சில நொடிகளில் மீளலாம்.

ஆறறை
கையில் பழகியவர் மீளலாம் என்று எழுதுங்கள், ஐயா. ஆண்டுக்கு ஒருமுறை கிளப்புக்குப் போகிறவருக்குச் சில நொடி என்பது புத்தகக் கணக்கு.

பழைய ஆர்மரர்
அதை மறுக்கவில்லை.

சுடுகளத்துக்காரர்
வாதம் தனி இழைக்குப் போகட்டும். அந்தப் பழைய ரவைகள்தான் எனக்குக் கவலையாக இருக்கின்றன. வெள்ளலூரான், அவற்றைத் தயவுசெய்து இனிச் சுடவேண்டாம். ஈரம் குடித்த ரவை இரண்டு விதமாக ஏமாற்றும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலை இலக்குப் பக்கமே நீட்டியபடி அரை நிமிடம் காத்திருந்த பின்புதான் வெளியே எடுக்கவேண்டும். தாமதித்து வெடிக்கும் வாய்ப்பு உண்டு. வழக்கமான ஓசை இல்லாமல் ‘புஸ்’ என்று வந்தால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அந்த நிலையில் ஸ்லைடை இழுத்துவிட்டு அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். உங்கள் முதல் பதிவில் “ஸ்லைடை இழுத்துவிட்டால் மறுபடி சுடுகிறது” என்று படித்ததுமுதல் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வலு குறைந்த ரவை ஸ்லைடை முழுத் தூரம் தள்ளாது என்பதால், நிமிர்ந்து நிற்கும் உறைக்கும் அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ஓசையில் ஏதாவது வேறுபாடு கேட்டதா?

கொக்கியைக் கழற்றவேண்டியிருந்தால் அரசு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதும் உரிமம் வேண்டிய தொழில். தெரிந்த லேத் பட்டறைக்காரர் என்று கொடுத்தால் அவருக்கும் உங்களுக்கும் வழக்குதான் மிஞ்சும். அதற்குமுன் இரண்டு மேகசின்களின் அடியிலும் பெயின்ட்டால் 1, 2 என்று குறித்துவிடுங்கள். அடுத்த முறை எதில் சிக்கியது என்று கேட்டால் விடை இருக்கும்.

தாமிரக்கரை
கொக்கி அடியில் இருந்ததும் காய்ந்த கிரீஸ்தானே? நான் சொன்னதும் அதுதான்.

வெள்ளலூரான்
அனைவருக்கும் நன்றி. ஊரிலிருந்து திரும்பியதும் கடையில் காட்டினேன். எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் அழுக்கு கட்டியாக அடைந்திருந்தது; ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். பழைய ரவைகளை அவர்களிடமே விதிப்படி ஒப்படைத்துவிட்டேன். புதிய உருண்டை மூக்கு ரவையில் உறை நிற்கும் சிக்கல் இப்போது இல்லை. ரவைகள் பின்னிக்கொள்வது மட்டும் 2 என்று குறித்த மேகசினில் ஒருமுறை வந்தது.

சுடுகளத்துக்காரர்
மகிழ்ச்சி. அந்த இரண்டாவது மேகசினின் உதடுகளை (ரவையைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்புகளை) மற்றதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் விரிந்திருந்தால் நிமிர்த்த முயலாமல் வேறு வாங்கிவிடுவது நல்லது. இரண்டையும் அருகருகே வைத்து மேலிருந்து ஒரு படம் எடுத்துப் போடமுடியுமா?

பழைய ஆர்மரர்
படத்தில் மேகசினின் அடிப்பலகையும் தெரியட்டும். இத்தனை பழைய பிஸ்டலோடு வரும் இரண்டாவது மேகசின் பெரும்பாலும் வேறு யாரோ செய்ததாகத்தான் இருக்கும்.

ஆறறை
படம் வந்தால் எனக்கும் சொல்லுங்கள். என் நண்பர் ஒருவரிடம் இதே போன்ற பிஸ்டல் இருக்கிறது. அதுவும் இரண்டாவது மேகசினில்தான் சிக்குகிறதாம்.