விண்டோ மூடியிருக்கும்போது ஈஎஸ்ஓபி பங்கை விற்கலாமா?

பெலந்தூர்வாசி: பட்டியலிடப்பட்ட ஐடி நிறுவனத்தில் இப்போதுதான் வைஸ் பிரசிடென்ட் ஆனேன், கையோடு டிசிக்னேட்டட் பெர்சன் (கம்பெனியின் உள்தகவல் தெரியக்கூடியவர்) பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். ஃபிளாட் முன்பணத்துக்கு, ஊழியர் என்ற முறையில் கம்பெனி தந்த ஈஎஸ்ஓபி பங்கை விற்கப் போனால் ஏப்ரல் 1 முதல் விண்டோ (எங்களைப் போன்றோர் கம்பெனி பங்கை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம்) மூடியிருக்கிறதாம். மனைவி கணக்கில் இருக்கும் எங்கள் கம்பெனி பங்கையாவது விற்கலாமா?

கோரமங்களா குமார்: அந்தப் பக்கமே போகாதீர்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015 உள்தகவல் வர்த்தகத் தடை விதிப்படி உடனடி உறவினருக்கும் அதே கட்டுப்பாடுதான். காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை மூடியிருக்கும். இடையில் ஈஎஸ்ஓபி ஆப்ஷனை எக்ஸர்சைஸ் செய்யலாம் (அதாவது உரிமையைப் பயன்படுத்திப் பங்கைப் பெறலாம்), வந்த பங்கை விற்கத்தான் முடியாது.

சிஎஸ்_அக்கா: விண்டோ திறந்த அன்று காலை ஒன்பதேகாலுக்கே மொபைலில் 'செல்' அழுத்திவிடாதீர்கள் தம்பி! உங்கள் கம்பெனி வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால் கம்ப்ளையன்ஸ் அதிகாரியின் (விதிகளைக் கண்காணிப்பவர்) முன் அனுமதி வேண்டும், அதுவும் அதிகபட்சம் 7 வர்த்தக நாள்தான் செல்லும். காலாண்டில் வர்த்தக மதிப்பு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் 2 வர்த்தக நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றபின் விலை இறங்கியதே என்று 6 மாதத்துக்குள் சந்தையில் திரும்ப வாங்கினால் அந்த லாபம் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும்.

பெலந்தூர்வாசி: நன்றி அக்கா. பில்டரிடம் மே கடைசிவரை டைம் கேட்டுப் பார்க்கிறேன், மனுஷன் என்ன சொல்வாரோ.

கோரமங்களா குமார்: வருஷா வருஷம் விற்பதாக இருந்தால் டிரேடிங் பிளான் (எப்போது, எவ்வளவு விற்பேன் என்று முன்கூட்டியே தரும் திட்டம்) போட்டுவிடுங்கள். 2024 திருத்தத்தில், திட்டத்தை வெளியிட்டபின் விற்கத் தொடங்கும்வரையான காத்திருப்பை 6 மாதத்திலிருந்து 120 நாளாகக் குறைத்துவிட்டார்கள்.