டேர்ன் ஓஃப் இட் பிழை, ஆனா லுக் ஆஃப்டர் இட் சரியாம். ஏன்?

ஹட்டன்_பிள்ள:
எல்லாருக்கும் வணக்கம், இந்த வருசம் ஓ/எல் பரீட்சை எழுதப்போறேன். நேத்து இங்கிலீஷ் டியூஷன்ல லைட்ட பத்தி "ப்ளீஸ் டேர்ன் ஓஃப் இட்"னு எழுதினேன், சேர் செவப்பு பேனையால வெட்டி "டேர்ன் இட் ஓஃப்"னு போட்டாரு. சரி அப்பிடித்தான் போலனு அடுத்த வசனத்துல நாய்க்குட்டிக்கு "ஐ லுக் இட் ஆஃப்டர்"னு எழுதினா அதுக்கும் வெட்டு!! கேட்டா பாடமாக்குங்கனு மட்டும் சொல்றாரு. "டேர்ன் ஓஃப் த லைட்" சரியாம், லைட்டுக்கு பதிலா இட் வந்தா மட்டும் எடம் மாறணுமாம். இதுக்கு ஏதும் கணக்கு இருக்கா?

பண்டாரவளை_அக்கா:
இருக்கு தங்கச்சி. அப், ஓஃப், ஆஃப்டர் எல்லாம் பாக்க ஒரே மாதிரி சின்ன சொல்லு, ஆனா ரெண்டு சாதி. "ஹீ ரேன் அப் த ஹில்", மலையில ஓடி ஏறினான். இதுல அப் மலையோட ஒட்டிக்கிட்டு இருக்கு, "ரேன் த ஹில் அப்"னு யாரும் சொல்ல மாட்டாங்க. இப்ப "ஹீ ரேன் அப் த பில்", கடையில கடன ஏத்திட்டான். இங்க அப் வினையோட சேந்தது, அதனால "ரேன் த பில் அப்"னும் வரும். இப்பிடி நகருற சாதின்னா மீ, யூ, ஹிம், ஹேர், இட், அஸ், தெம் இந்த 7ம் நடுவுலதான் ஒக்காரணும்: ரேன் இட் அப், வேக் ஹிம் அப். நகராதுன்னா பின்னால: ரேன் அப் இட், வெயிட் ஃபோ அஸ். அதனால மொதல்ல பேர்ச்சொல்ல போட்டு நகருதானு பாருங்க, அப்புறம் இட்ட வைங்க.

நானுஓயா_குளிர்:
அக்கா சொன்னது சரி, ஆனா ஓன் ஓஃப்னு சொல்ல மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஸ்வெட்டர்னா "புட் இட் ஓன்", ட்ரெயின்னா "கெட் ஓன் இட்". ஒரே ஓன்தான்! நான் ஒருக்கா வெளிநாட்டுக்காரர்கிட்ட ட்ரெயின காட்டி கெட் இட் ஓன்னு சொல்லிட்டேன், மனுசன் சிரிச்சுட்டே ஏறினாரு. காதால பிடிக்கிறது லேசு, புட் இட் ஓன்னு சொல்லும்போது கடைசி ஓன்தான் அழுத்தமா விழும், இட் மெல்லிசா போயிரும். லுக் ஆஃப்டர் இட்ல அழுத்தம் லுக்லயே நின்டுரும்.

கொழுந்துக்கூட:
பாடமாக்காம முழுசா தப்ப ஏலாது தங்கச்சி, எடம் புடிபட்டாலும் அர்த்தம் புடிபடாதே. நம்ம "விட்டுக்குடு"வ ஒரு வெள்ளக்காரன் விடு, குடுனு பிரிச்சா என்னத்த வெளங்கும்? "கிவ் இன்" கூட அதே கததான். மூணு சொல்லு வந்தா பயப்படாதீங்க, புட் அப் வித் இட், இட் பெரும்பாலும் கடைசியில.

ஹட்டன்_பிள்ள:
ஐயோ இத மொதல்லயே சொல்லியிருந்தா! இது சரியானு பாருங்க: பேக் கீழ கெடக்கு, பிக் இட் அப். தம்பி தூங்குறான், வேக் அப் ஹிம்.

பண்டாரவளை_அக்கா:
மொதல் ஒன்னு சரி. தம்பிய நடுவுல போடுங்க :)