காசா திட்டத்துல வர்ற ‘ரீசெட்டில்மென்ட்’டுக்கு என்ன சொல் போடுறது?

வணக்கம் நண்பர்களே,

காசாவத் திரும்பக் கட்டுறது பத்தின ஆவணத்த தமிழாக்குறதுக்குச் சொல் தேடி நேத்து வரைக்கும் நீங்க போட்ட எல்லா மடலையும் படிச்சுட்டேன். மாஸ்டர் பிளானுக்கு முழுமைத் திட்டம், எஃப்.எஸ்.ஐ.க்கு (மனை அளவுக்கு எவ்வளவு பரப்பு கட்டலாம்ங்கற விகிதம்) தளப்பரப்புக் குறியீடு, இதெல்லாம் இங்க சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) வருஷக்கணக்கா புழங்குற சொல்லுங்கதான், அப்படியே எடுத்துக்கலாம். ரப்பிளுக்கு இடிபாடுன்னு யாரோ போட்டிருந்தீங்க, அதுவும் சரி. இந்த ரீசெட்டில்மென்ட்லதான் நாம நிதானமா யோசிக்கணும்.

> நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமே ‘மறுகுடியமர்வு’ன்னுதானே எழுதுது, அதையே போட்டுட்டுப் போலாமே?

வேணாம்ண்ணே. சென்னைல அந்தச் சொல்லு எப்படிப் பழகியிருக்குன்னு பாருங்க. 2004 சுனாமிக்கப்புறம் கடலோரத்து ஜனங்கள செம்மஞ்சேரிக்கு அனுப்புனாங்க, 2015 வெள்ளத்துக்கப்புறம் அடையாறு, கூவம் கரைல இருந்தவங்கள பெரும்பாக்கத்துக்கு அனுப்புனாங்க, ரெண்டுக்கும் மறுகுடியமர்வுன்னுதான் பேரு. மயிலாப்பூர்ல நாலு வீட்ல வேலை பார்த்துட்டு நடந்தே வீட்டுக்கு வந்துட்டிருந்த அக்கா இப்ப இருட்டோட எந்திரிச்சு பஸ் புடிக்கிறாங்க, புள்ளைங்களுக்கு டி.சி. வாங்கி வேற ஸ்கூல்ல சேர்க்கணும், ரேஷன் கார்டுல அட்ரஸ் மாத்தணும். ஆக சென்னைக்காரனுக்கு மறுகுடியமர்வுன்னா இருந்த இடத்த விட்டுட்டுப் போறதுதான். 2025 பிப்ரவரில ட்ரம்ப் காசா ஜனங்கள எகிப்துக்கும் ஜோர்டானுக்கும் அனுப்பலாம்னு சொன்னாரே, அதுக்கு வேணா இந்தச் சொல்லு பொருந்தும். மார்ச்ல கெய்ரோல அரபு லீக் ஏத்துக்கிட்ட எகிப்து திட்டம் அதுக்கு நேர் எதிரானது: ஜனங்க காசாவுக்குள்ளயே இருப்பாங்க, முதல் ஆறு மாசம் இடிபாட்ட அள்ளிக்கிட்டே தற்காலிக வீடு குடுப்பாங்க, அப்புறம் 2030 வரைக்கும் படிப்படியா கட்டுவாங்க, மொத்தம் 5,300 கோடி டாலர். இந்த ரெண்டையும் ஒரே சொல்லால எழுதுனா படிக்கிறவங்களுக்கு யார் எதக் கேக்குறாங்கன்னே புரியாது.

> எங்கட பக்கம் மீள்குடியேற்றம் எண்டுதான் சொல்லுறது. திரும்பிப் போறதுதான் அதின்ர அர்த்தம்.

இலங்கைலேர்ந்து எழுதுற தங்கச்சி சொல்றது ரொம்ப முக்கியம். மீள்-ங்கறதுலயே திரும்பி வர்றது இருக்கு, நம்ம மறு-வுல அது இல்ல. ஒரே இங்கிலீஷ் சொல்லு, பாக் நீரிணைக்கு இந்தப்பக்கம் ஊர விட்டுப் போறதாவும் அந்தப்பக்கம் ஊருக்குத் திரும்புறதாவும் ஆகியிருக்கு. ஆனா 2012 செப்டம்பர்ல, போர்ல இடம்பெயர்ந்தவங்கள வச்சிருந்த மெனிக் பாம் முகாமை மூடுனப்ப முல்லைத்தீவு மாவட்டத்து கேப்பாப்புலவு ஜனங்க கதி என்னாச்சு? அவங்க நிலத்துல ராணுவம் இருந்துச்சு, அதனால சீனியாமோட்டைல காட்ட வெட்டி இறக்கிவிட்டாங்க, அரசாங்கக் கணக்குல அதுவும் மீள்குடியேற்றம்தான். அதனால இந்தச் சொல்ல மட்டும் நம்பவும் முடியல, எந்த இடத்துலன்னு சொல்லுக்குள்ளயே வந்தாகணும்.

அதுக்குத்தான் ‘சொந்த மண் மீள்கட்டுமானம்’னு ஐயா ஒருத்தர் எழுதியிருந்தார். கேக்க நல்லாருக்குங்க ஐயா, ஆனா காசாவுக்குப் பொருந்தாது. காசா மொத்தமே 365 சதுர கிலோமீட்டர், போருக்கு முன்னாடி இருபது லட்சத்துக்கு மேல ஜனம், அதுல பெரும்பாலானவங்க 1948 போர்ல, இப்ப இஸ்ரேலா இருக்கற ஊர்கள்லேர்ந்து விரட்டப்பட்டோ தப்பிச்சோ வந்தவங்களும் அவங்க வாரிசுகளும். ஜபாலியாவுலயோ நுசைராத்துலயோ முகாம்ல பொறந்து வளர்ந்து பேரன் எடுத்தவங்க கிட்ட சொந்த மண் எதுன்னு கேட்டா முகாமச் சொல்ல மாட்டாங்க, தாத்தா விட்டுட்டு வந்த ஊரச் சொல்லுவாங்க. முகாமையே சொந்த மண்ணுன்னு நாம எழுதுனா அந்த ஊருக்குத் திரும்பும் உரிமைய அவங்க விட்டுட்ட மாதிரி ஆயிடும். அவங்க தலைமுறை தலைமுறையா பயந்துகிட்டிருக்கறதே அதுக்குத்தான், முகாம்ல ரோடு போடுறதக்கூட சந்தேகமா பார்த்த காலம் உண்டு.

இன்னொரு சிக்கல் பட்டா. முகாம் நிலம் குடியிருக்கறவங்க பேர்ல கிடையாது, வீட்ட புழங்குற உரிமை மட்டும்தான். ‘உரிமை நிலம்’, ‘உடைமை’ன்னு சொல்லுல சேர்த்தா காகிதம் இல்லாதவங்க எல்லாரும் வெளிய போயிடுவாங்க, நம்ம ஊர் புறம்போக்குல என்ன நடக்குதோ அதேதான்.

அதனால என் பரிந்துரை ‘இருந்த இட மறுகட்டுமானம்’. யாருக்குச் சொந்தம்னு அது கேக்கல, யாரு அங்க இருந்தாங்கன்னு மட்டும் கேக்குது, இன்-சிட்டு ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு (இருந்த இடத்துலயே திரும்பக் கட்டுறது) நேரா பொருந்துது. சேர்த்து ‘இருந்தவிட’ன்னு எழுதாதீங்க, ‘விட’ன்னு கண்ணுல பட்டதும் ஒப்பிடுற மாதிரி படிச்சுடுவாங்க. ஜனங்களே திரும்பி வர்றதுக்கு மீள்குடியேற்றம், கட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல தங்குறதுக்கு இடைக்காலக் குடியமர்வு, வேற எங்கயோ அனுப்புறதுக்கு மறைக்காம இடப்பெயர்ப்பு. மறுகுடியமர்வ இந்த ஆவணத்துல எங்கயும் வேணாம்.

> இருந்த இடம்னா பழைய சந்து அப்படியே திரும்ப வரணுமா? அப்ப பிளானிங் எதுக்கு?

நல்ல கேள்வி. மேற்குக் கரைல இருக்கற ஜெனின் அகதி முகாம்ல இது நிஜமாவே வந்துச்சு. 2002 ஏப்ரல்ல இஸ்ரேல் ராணுவம் நடு முகாம இடிச்சுச்சு, ஐ.நா.வோட பாலஸ்தீன அகதிகள் அமைப்பு திரும்பக் கட்டுறப்ப சந்துங்கள எல்லாம் அகலப்படுத்துச்சு. ஆம்புலன்ஸ் வரும், வெளிச்சம் வரும்னு இன்ஜினியருங்க சொன்னாங்க, டாங்கியும் வருமேன்னு குடியிருந்தவங்க கேட்டாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அதனால இடம்ங்கறத அளந்து வச்ச மனைன்னு எடுத்துக்கக் கூடாது, அதே தெரு, அதே அக்கம்பக்கம்னு எடுத்துக்கணும். சந்து எவ்வளவு அகலம்ங்கறது அவங்க உக்காந்து பேசி முடிவு பண்ண வேண்டியது, சொல்லுக்குள்ள அத அடைக்க முடியாது. விளக்கக் குறிப்புல ரெண்டு வரி எழுதிடலாம், வரைவு நான் அனுப்புறேன்.

தங்கச்சி, உங்க பக்கம் கூரைத் தகரம் போட்டுக் குடுத்த வீட்ட தற்காலிகக் கொட்டில்னுதானே சொன்னாங்க? இங்க கொட்டகைன்னா கல்யாணப் பந்தல் ஞாபகம் வருது. டிரான்சிஷனல் ஷெல்ட்டருக்கு (நிரந்தர வீடு வர்ற வரைக்கும் தங்குற வீடு) கொட்டில்னே போட்டுடலாமா, இல்ல அதுல வாழ்ந்தவங்க காதுக்கு அது மாட்டுக்கொட்டில் மாதிரி உறுத்துமா? நீங்க சொன்னதுக்கப்புறம் அந்த அத்தியாயத்த தொடுறேன்.