வீட்டுக் கடனில் மனைவி பெயரைச் சேர்ப்பது: வங்கியா, பத்திரமா, எது முதலில்?

கேள்வி – கீழக்கரையிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். வீடும் கடனும் என் வீட்டுக்காரர் பெயரில் மட்டும் இருக்கின்றன. கடன் பாக்கி 18 லட்சம். அவர் துபாயில் இருக்கிறார். எனக்கு ஆசிரியர் சம்பளம் வருகிறது. என் பெயரையும் சேர்த்தால் வட்டிக்கு எனக்கும் வரிக் கழிவு கிடைக்கும் என்கிறார்கள். வங்கியில் கேட்டால் "பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லையே" என்கிறார்கள். பதிவு அலுவலகத்தில் கேட்டால் "வில்லங்கத்தில் வங்கி அடமானம் இருக்கு, வங்கிக் கடிதம் கொண்டு வாங்க" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில் – மண்டபம், வங்கிக் கடன் பிரிவு

சகோதரி, இரண்டு இடத்திலும் சொன்னது சரிதான். நீங்கள் கேட்பது இரண்டு தனித்தனி வேலை. கடனில் பெயர் சேர்ந்தால் நீங்கள் இணைக் கடன்தாரர். பத்திரத்தில் சேர்ந்தால்தான் இணை உரிமையாளர். முதலாவது மட்டும் நடந்தால் 18 லட்சத்துக்கும் முழுப் பொறுப்பு உங்கள் தலையில் வரும், வீட்டில் ஒரு சதுர அடிகூட வராது. இஎம்ஐ தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண்) கெடும். அதனால் கடனில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வங்கிக்கு ஒரே மனுவில் இரண்டையும் கேளுங்கள்: மனைவிக்குப் பாதிப் பங்கு எழுதிக் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், பதிவு முடிந்ததும் இணைக் கடன்தாரராகச் சேர்க்க ஒப்புதல். கணவர் கையெழுத்து கட்டாயம். உங்கள் பான், ஆதார், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பள வரிப் பிடித்தச் சான்று (படிவம் 16) வைக்க வேண்டும். புதுக் கடன் கேட்பவரைப் போலவே உங்களையும் ஆராய்வார்கள். நகைக்கடன் பாக்கி இருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

ஓடுகிற கடனில் ஆள் சேர்க்க சில வங்கிகள் சம்மதிக்காது. அப்போது இருவர் பெயரிலும் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது.

பதில் – ராமநாதபுரம், பத்திர எழுத்தர்

வங்கிக் கடிதம் கைக்கு வந்த பிறகு பத்திரம். கணவன் மனைவிக்குள் என்பதால் தான செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் பங்கை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) போதும். "பிரிபடாத சரிபாதி" என்று பங்கைத் தெளிவாக எழுதுங்கள். வங்கி அடமானம் இருப்பதையும் பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. நிலமும் கட்டடமும் சேர்ந்து வழிகாட்டி மதிப்பில் 40 லட்சம் என்றால் பாதி 20 லட்சம். தீர்வை 20,000, கட்டணம் 10,000.

பிறகு வங்கிக்கு இருவரும் சேர்ந்து புது எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைக்கும் ஆவணம்) எழுதிக் கொடுக்க வேண்டிவரும். அதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் தீர்வை, உச்சம் 30,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 6,000. உங்கள் 18 லட்சத்துக்கு 9,000 + 6,000.

கணவர் நேரில் வர முடியாவிட்டால் அவருக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுக்க வேண்டும்; வேலை தடைபடுவது பெரும்பாலும் அதில்தான். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். "விற்க அதிகாரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் தானம் எழுத முடியாது. செட்டில்மென்ட் எழுதவும், வங்கிக்கு எம்ஓடி கொடுக்கவும் தனித்தனி வரி வேண்டும். பவரை மாமனார் அல்லது கொழுந்தன் பெயரில் வாங்குங்கள். நீங்களே முகவராக நின்று உங்களுக்கே எழுதிக்கொள்ள வேண்டாம். அவர் லீவில் வரும் தேதி பக்கத்தில் இருந்தால் காத்திருங்கள், நேரில் கையெழுத்துப் போடுவதுதான் நல்லது.

இன்னொன்று, இனிஷியல். ஆதாரில் வாப்பா பெயர், பானில் கணவர் பெயர் என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். பிறகு பட்டாவில் சிக்கும்.

கேள்வி கேட்டவர்

ஜஸாக்கல்லாஹ் காக்கா. அவர் வாய்மொழியாக ஹிபா (தானம்) கொடுத்தால் போதாதா? பதிவுச் செலவு மிச்சமாகுமே.

பதில் – ராமநாதபுரம், பத்திர எழுத்தர்

ஷரீஅத் முறைப்படி வாய்மொழி ஹிபா செல்லும், சொத்து ஒப்படைப்பும் நடந்திருக்க வேண்டும். ஆனால் வில்லங்கச் சான்றில் அது ஏறாது. அதை வைத்து வங்கி உங்களை உரிமையாளராக ஏற்காது. பதிவு செய்யுங்கள்.

பதில் – தொண்டி, வரி ஆலோசகர்

தொடங்கிய காரணமே வரி என்பதால் இதைக் கவனியுங்கள், சகோதரி. கணவர் போதிய விலை வாங்காமல் மனைவிக்கு வீட்டை எழுதிக் கொடுத்தால், வருமான வரிச் சட்டம் அந்தப் பங்குக்கும் அவரையே உரிமையாளராக எண்ணும். அப்படியானால் வட்டிக் கழிவும் அவர் கணக்கில்தான் வரும். பத்திரத்தில் பெயர், கடனில் பெயர், உங்கள் கணக்கிலிருந்து இஎம்ஐ என்று மூன்றும் இருந்தாலும், தானமாக வந்த பங்குக்கு நீங்கள் கழிவு கேட்டால் வரித்துறை மறுக்கலாம்.

நீங்கள் பணம் கொடுத்துக் கிரயம் வாங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கிரயத்துக்குத் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். 20 லட்சத்துக்கு 1,80,000. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பதால், கொடுக்கும் விலையிலிருந்தே வரி பிடிக்கும் டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரையான வட்டிக் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே. நீங்கள் புதிய முறையில் இருந்தால் இதில் ஒரு ரூபாயும் மிஞ்சாது. பள்ளியில் எந்த முறையில் வரி பிடிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வரிக்காக மட்டும் என்றால் இந்தச் செலவு வேண்டாம் என்பேன். வீட்டில் உங்களுக்கு உரிமை வேண்டும் என்றால் தயங்காமல் செட்டில்மென்ட் எழுதுங்கள்.

பதில் – மண்டபம், வங்கிக் கடன் பிரிவு

பதிவு முடிந்ததும் புது வில்லங்கச் சான்று எடுத்து, செட்டில்மென்ட்டும் எம்ஓடியும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கூட்டுப் பட்டா, நகராட்சி வீட்டு வரி. கடனோடு எடுத்த காப்பீடு அவர் உயிருக்கு மட்டும் இருக்கும். நீங்களும் கடன்தாரரானால் உங்களையும் அதில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.