“யாருங்க அப்புறப்படுத்துவாங்க?” – எளிமையாக எழுதக் கற்றுக்கொண்ட அனுபவங்கள் (மைக்கூடு, கூழாங்கல் என்ற புனைபெயர்களில் இருவர் பேசிக்கொண்டது)

மைக்கூடு:
வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓஆர்எஸ் கரைசல் (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்) கொடுப்பது பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை கேட்டிருந்தார்கள். பல வருடம் எழுதிய பழக்கத்தில் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அதில் ஒரு வரி: ‘தயாரிக்கப்பட்ட கரைசலானது 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தப்படாத பட்சத்தில் அப்புறப்படுத்தப்பட வேண்டும்.’

அச்சுக்குப் போகும் முன் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ‘பட்சத்தில்’ வரை வந்தவர் நின்றுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். முடித்ததும், “யாருங்க அப்புறப்படுத்துவாங்க? யாராவது வந்து எடுத்துட்டுப் போவாங்களா?” என்றார். நியாயமான கேள்வி. அந்த வரியில் ஆளே இல்லையே!

அப்புறம், “போதிய நீர்னு போட்டிருக்கே, ஒரு டம்ளரா?” என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து. தண்ணீர் அதிகமானால் பலன் குறையும். அளவு எனக்குத் தெரியும். ‘போதிய’ என்ற சொல் எழுத்துநடைக்குப் பொருத்தமாகத் தோன்றியதால் அளவை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

திருத்தியது இது: ‘ஒரு லிட்டர் பொட்டலம் முழுவதையும், கொதிக்க வைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள்.’ இதைத் தடங்கல் இல்லாமல் படித்தார்.

கூழாங்கல்:
என் பிரச்சினை உங்கள் ‘அப்புறப்படுத்தப்பட’ மாதிரி ஆளை மறைக்கும் ‘படு’ இல்லை, எச்சம், அதாவது வாக்கியத்தை முடிக்காமல் நிற்கும் வினைச்சொல். ‘சென்று, பார்வையிட்டு, ஆராய்ந்து’ என்று கோத்துக்கொண்டே போவேன். தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வரும், அதுவரை படிப்பவர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரவேண்டும். ஒரு அறிக்கையில் ஆறு வரி ஓடிய வாக்கியம் ‘பரிந்துரைக்கவில்லை’ என்று முடிந்தது. படித்தவர் அந்தக் கடைசிச் சொல்லைத் தவறவிட்டு, நான் பரிந்துரைத்ததாகவே நினைத்துக்கொண்டார். இப்போது, ‘இத்திட்டம் வேண்டாம்’ என்று முதலில் எழுதிவிட்டுத்தான் காரணத்துக்குப் போகிறேன்.

மைக்கூடு:
நீளமான வாக்கியங்களை இப்படி உடைத்து எழுதினால் தந்தி வாசகம் மாதிரி ஆகிவிடவில்லையா?

கூழாங்கல்:
ஆனது. நான் வெட்டி எறிந்த ‘அதனால்’, ‘ஆனாலும்’, ‘ஏனென்றால்’ எல்லாவற்றையும் அப்புறம் திரும்பச் சேர்த்தேன். அந்தச் சொற்கள் இல்லாமல் எந்த வரி எதற்குக் காரணம் என்று எனக்கே பிடிபடவில்லை.