குற்றவியல் படிச்சா போலீஸ் வேலையா? தங்கச்சிக்காகக் கேக்குறேன்

தென்காசிக்காரன்: தங்கச்சி பிளஸ் டூ காமர்ஸ் குரூப் முடிச்சுட்டா. குற்றவியல்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கைரேகை, டிஎன்ஏன்னு கனவு. அப்பாவுக்கோ, அதப் படிச்சா நேரா எஸ்.ஐ. ஆயிடலாம்னு நினைப்பு. படிச்சவங்க சொல்லுங்க.

மாறன்_மதுரை: ரெண்டு பேர் நினைப்புமே தப்பு. எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். யுபிஎஸ்சி விருப்பப் பாடத்துல சமூகவியல் இருக்கு, உளவியல் இருக்கு, குற்றவியல் இல்ல. என்கூட ரூம்ல இருந்தவன் இதப் படிச்சுட்டு இப்போ லோன் வசூல் ஆபீஸ்ல போன் போட்டுக்கிட்டு இருக்கான். பி.காம். சேத்து விடுங்க.

சோதனைக்குழாய்: கைரேகை, டிஎன்ஏ எல்லாம் தடயவியல். அது வேற படிப்பு. குற்றவியல்னா குற்றம் ஏன் நடக்குது, சமூகம் அத எப்படிக் கையாளுதுன்னு படிக்கறது. ஆய்வகத்துக்குள்ள நுழைய வேதியியல், உயிரியல் மாதிரி அறிவியல் அடிப்படை வேணும், காமர்ஸ் குரூப்புக்கு அந்தக் கதவு அடைச்ச மாதிரிதான். ஆனா அந்தப் பக்கம் ஆள் தேவை கூடுது. 2024 ஜூலைல வந்த புதிய குற்ற வழக்கு நடைமுறைச் சட்டப்படி, ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போகணும். மாநிலங்களுக்கு அஞ்சு வருஷம் அவகாசம்.

வேப்பம்பூ: மாறன், லோன் ஆபீஸ் நண்பரோட கதைய வெச்சே துறைய மூடிடாதீங்க. நான் குற்றவியல் எம்.ஏ. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல இருக்கேன். பதினேழு வயசுப் பையன் பைக் திருடி மாட்டினா, இளைஞர் நீதிக் குழுமம் (18 வயசுக்குக் கீழ உள்ளவங்க வழக்க விசாரிக்கிற அமைப்பு) என்கிட்ட சமூகப் புலனாய்வு அறிக்கை கேக்கும். முதல்ல ஆஜர்படுத்தின நாள்லேருந்து 15 நாள் கெடு. போன மாசம் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். ஊர் பேர் வேண்டாம். பையனோட ஆயா மட்டும்தான் இருந்தாங்க. பையன் எப்போ ஸ்கூலுக்குப் போறத நிறுத்தினான்னு கேட்டா, "அவங்கப்பன் கட்டடத்துலேருந்து விழுந்த மறுவாரம்"னு சொன்னாங்க. போலீஸ் பேப்பர்ல அந்த வரி கிடையாது. என் அறிக்கையில இருந்துச்சு.

மாறன்_மதுரை: மனசு கனக்குது, சரி. வேலை நிரந்தரமா?

வேப்பம்பூ: ஒப்பந்தம்தான். ஒளிக்க என்ன இருக்கு?

மாறன்_மதுரை: அதத்தான் சொன்னேன். இதே வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிச்சவங்களும் வர்றாங்க. அப்புறம் குற்றவியல் எதுக்கு?

வேப்பம்பூ: வருவாங்க, நல்லாவே செய்வாங்க. ஆனா தண்டனையியல், பாதிக்கப்பட்டோரியல், சிறைச் சீர்திருத்தம்னு ரெண்டு வருஷம் மூழ்குனது எனக்குக் கை கொடுக்குது. குற்றவியல்ல நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதலாம், கற்பிக்கப் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்துலயும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துலயும் துறை இருக்கு. என்னைக் கேட்டா, இளங்கலைல சமூகவியலோ உளவியலோ எடுத்துட்டு முதுகலைல இதுக்கு வரட்டும். மூணு வருஷத்துல மனசு மாறினாலும் நஷ்டமில்ல.

மாறன்_மதுரை: இதுக்கு நான் மறுப்புச் சொல்லல. நேரா மூணு வருஷம் இதுலயே போடாதீங்கன்னுதான் என் வாதம்.

தென்காசிக்காரன்: எல்லாத்தையும் வீட்டுல சத்தமா வாசிச்சுக் காமிச்சேன். டிஎன்ஏ இல்லேன்னதும் தங்கச்சி மூஞ்சி சுருங்கிருச்சு. ஆயா கதைக்கு அப்புறம் சமூகவியல் எந்தக் காலேஜ்ல இருக்குன்னு தேடிக்கிட்டு இருக்கா. அப்பா மட்டும் இன்னும் விடல. வேப்பம்பூ அக்கா, அந்த வீட்டுக்குப் போலீஸ் ஜீப்லயா போனீங்கன்னு கேக்குறார்.

வேப்பம்பூ: டவுன் பஸ்லன்னு சொல்லுங்க தம்பி. கடைசி பஸ்ஸ விட்டுட்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன்.