எடுத்தவர், எடுப்பித்தவர்: ஸ்டுடியோ படிவத்துக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொள்ள வருபவர் கையெழுத்திடும் முன்பதிவுப் படிவத்தைத் தமிழாக்கம் செய்து, நம் குழுவில் ஒருவர் திருத்தம் கேட்டிருந்தார். ஒரு வாரமாக வந்த மடல்களைப் படித்தேன். சிக்கல் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. படம் எடுக்கச் சொல்லிப் பணம் கொடுப்பவரை என்ன பெயரால் அழைப்பது? இதுவரை வந்த பரிந்துரைகள் இவை:

> வாடிக்கையாளர் / ஆணையர் / பணிப்பாளர் / ஒப்படைப்பாளர்

ஆணையர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் மாநகராட்சி ஆணையர், காவல் ஆணையர். பணிப்பாளர் என்றால் இலங்கை நண்பர்களுக்கு இயக்குநர். அங்கே பணிப்பாளர் நாயகம் என்று ஒரு பதவியே உண்டு. ஒப்படைப்பாளர் என்பது எதையோ திருப்பிக் கொடுப்பவர் போல ஒலிக்கிறது. ஒரு படைப்பைச் செய்து தரச் சொல்வதை ஆங்கிலத்தில் கமிஷன் என்பார்கள், அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் கமிஷன் என்றதும் நினைவுக்கு வருவது தரகுதான். ஸ்டுடியோக்காரர்கள் தங்களுக்குள் 'பார்ட்டி' என்பார்கள். 'பார்ட்டி வந்தாச்சா, அட்வான்ஸ் கொடுத்தாச்சா' என்று கேட்பார்களே, அதே பார்ட்டிதான். பேச்சுக்குச் சரி, படிவத்தில் எழுத முடியாது.

வாடிக்கையாளர் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் ஏற்கெனவே எடுத்த படத்துக்கு இன்னொரு பிரதி வாங்க வருபவரும் வாடிக்கையாளர், ஃப்ரேம் மாட்ட வருபவரும் வாடிக்கையாளர். சட்டம் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவு பொதுவிதியாகப் படைத்தவரையே முதல் உரிமையாளர் என்கிறது. அதன் (பி) கூறு ஒரு விலக்கு வைக்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், மறுபயன் (கட்டணம் போன்ற கைம்மாறு) பெற்றுக்கொண்டு, ஒரு படம் எடுக்கப்பட்டாலோ உருவப்படம் வரையப்பட்டாலோ, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டுக்கொண்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். ஆக, நமக்கு வேண்டிய சொல்லில் 'கேட்டுச் செய்யவைத்தவர்' என்ற பொருள் இருந்தாக வேண்டும்.

என் பரிந்துரை 'எடுப்பித்தவர்'.

இது என் மனதில் எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1994 வாக்கில், அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, அப்பா அவளைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். வரைந்த திரை, பக்கத்தில் ஃபைபர் தூண், அதன்மேல் அக்காவின் வலது கை. மாம்பழ நிறப் பட்டுப்புடவையின் மடிப்பை ஸ்டுடியோக்காரரின் மனைவி வந்து சரிசெய்துவிட்டுப் போனார். மூன்று பிரதிகள் வாங்கிக்கொண்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போன அப்பா, அதே படம் பெரிதாக்கப்பட்டு வாசல் ஷோகேஸில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்கிற இடம் அது.

அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. உள்ளே போய்க் கேட்டார். 'நான் எடுத்த படம் சார்' என்றார் ஸ்டுடியோக்காரர். 'எடுத்தது நீங்கதான். எடுக்கச் சொன்னது நான். காசு கொடுத்ததும் நான்' என்றார் அப்பா. நெகட்டிவையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, அது ஸ்டுடியோவின் சொத்து என்று பதில் வந்தது. ஒரு வாரத்தில் படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஷோகேஸின் வெல்வெட் துணி வெயிலில் வெளுத்திருந்தது. படம் இருந்த நீள்சதுரம் மட்டும் கருநீலமாகவே இருந்தது. பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கருநீலத்தைப் பார்ப்பேன். அக்கா அதன் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள்.

அப்பாவுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அவர் சொன்ன வரிசைதான் 17-ஆம் பிரிவின் வரிசை. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. கேட்டவர் அவர், கொடுத்தவரும் அவர். படத்தைப் பெரிதாக்கி இன்னொரு பிரதி போடுவதற்கே அவரைக் கேட்டிருக்க வேண்டும். நெகட்டிவ் யாருடையது என்பது ஒரு பொருளின் உடைமை பற்றிய கேள்வி. பதிப்புரிமை வேறு. நெகட்டிவ் பெட்டியில் இருப்பதாலோ, இன்று ரா ஃபைல் (கேமராவின் மூலக்கோப்பு) ஹார்ட் டிஸ்கில் இருப்பதாலோ, பதிப்புரிமை ஸ்டுடியோவுக்குப் போய்விடாது.

அந்தப் பேச்சில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: எடுத்தவர், எடுக்கச் சொன்னவர். தமிழில் இந்த இரண்டையும் பிரிக்க அடைமொழியே வேண்டாம், வினையே பிரித்துவிடும். எடுத்தார், எடுப்பித்தார். கற்றார், கற்பித்தார் போல. இப்படிப் பிறரைச் செய்யவைப்பதைச் சொல்லும் பிறவினை வழக்கொழிந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். கற்பித்தல், அறிவித்தல், ஆணை பிறப்பித்தல் எல்லாம் நாள்தோறும் நாம் எழுதுபவைதானே. பள்ளியில் மூன்றாம் வேற்றுமை படிக்கும்போது, அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றால் ஏவுதற்கருத்தா (செய்யச் சொன்னவர்), தச்சனால் கோயில் கட்டப்பட்டது என்றால் இயற்றுதற்கருத்தா (தானே செய்தவர்) என்று சொல்லிக்கொடுத்தார்கள். சட்டத்தின் விலக்கு இந்த இரண்டு கருத்தாக்களுக்கு நடுவில்தான் நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் பேசுவது எல்லோருக்கும் தெரிந்ததே: 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்க்கு' (கற்றளி என்றால் கற்கோயில்). எடுப்பித்த என்றுகூட இல்லை, பேசுகிற வாக்கிலேயே எடுப்பிச்ச என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டியிருக்கிறார்கள். அதே கோயிலில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது. எடுப்பித்தவர் பெயர் ஓரிடத்தில், இயற்றியவர் பெயர் ஓரிடத்தில். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால், நம் சட்டமும் இப்படித்தான். பதிப்புரிமை எடுப்பித்தவருக்குப் போனாலும், 57-ஆம் பிரிவின்படி 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் எடுத்தவரிடமே இருக்கின்றன.

இரண்டு சொற்களும் தெளிவாகப் பிரிந்து நிற்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் உரிமையின் காலம். 2012 திருத்தத்துக்கு முன், படம் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு என்று இருந்தது. இப்போது மற்றக் கலைப்படைப்புகளைப் போலவே, படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். இங்கே ஆயுள் கேமராவை இயக்கியவருடையது, காசு கொடுத்தவருடையது அல்ல. உரிமை எடுப்பித்தவருக்கு, ஆயுட்கணக்கு எடுத்தவருக்கு. இதை 'வாடிக்கையாளர்', 'கலைஞர்' என்று எழுதினாலும் எழுதலாம். ஆனால் ஸ்டுடியோ முதலாளி, கேமராமேன், டச்சப் செய்பவர் மூவரும் படிவத்தில் கலைஞராகிவிடுவார்கள்.

வந்த மறுப்புகளுக்கு வருகிறேன். எடுத்தவர், எடுப்பித்தவர் இரண்டும் பார்வைக்கு நெருக்கமாக இருக்கின்றன, கையெழுத்திடுபவர் குழம்புவார் என்பது நியாயமான மறுப்பு. படிவத்தின் முதல் வரியில் ஒரு முறை விரித்து எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். 'எடுக்கச் சொன்னவர்' என்றே விடலாமே என்பது இன்னொன்று. பேச்சில் அதுதான் அழகு. ஆனால் பெயரெச்சமாக்கிப் பாருங்கள். 'எடுப்பித்த படம்' என்று சொல்ல முடிகிறது. 'எடுக்கச் சொன்ன படம்' என்றால் இன்னும் எடுக்காத படம்போல இருக்கிறது. தவிர, சட்டத்தின் அதே கூறில் ஓவியமும் செதுக்குவேலையும் வருகின்றன. வரைவித்தவர், செதுக்குவித்தவர், பொதுவாகச் செய்வித்தவர் என்று ஒரு குடும்பமே இந்த முறையில் கிடைக்கும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். எடுப்பித்தவர் என்ற சொல்லில் ஏவல் இருக்கிறது, மறுபயன் இல்லை. நண்பரைக் கேட்டுக்கொண்டு, காசில்லாமல், மொட்டை மாடியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம். அப்போதும் நாம் எடுப்பித்தவர்தான், ஆனால் முதல் உரிமையாளர் நண்பரே. அதனால் கட்டணத்தைப் பற்றிய தொடரைப் படிவத்தில் தனியாக எழுத வேண்டும். சொல்லே எல்லாச் சுமையையும் தூக்காது.

படத்தில் இருப்பவர் மூன்றாமவர், அவரையும் மறந்துவிடக் கூடாது. அக்கா படத்தில் இருந்தாள், பதிப்புரிமை அப்பாவுக்கு. பள்ளியில் எடுக்கும் குழுப்படத்தில் நம் பிள்ளை நிற்பான், நாமும் பணம் கொடுத்து ஒரு பிரதி வாங்குவோம். ஆனால் எடுப்பித்தது பள்ளி. கல்யாணத்தில் பெண்வீடு ஒரு கேமராமேனையும் மாப்பிள்ளைவீடு ஒருவரையும் வைத்திருந்தால், ஒரே தாலிகட்டுக்கு இரண்டு எடுப்பித்தவர்கள். தன் முகம் கடைவாசலில் தொங்குவதை அக்கா எதிர்த்தால், அது அந்தரங்க உரிமையின் கீழ் வரும். 2017-இல் உச்ச நீதிமன்றம் அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது அதைத்தான். இவர்களுக்குப் 'படத்திலிருப்பவர்' போதும். 'எடுக்கப்பட்டவர்' வேண்டாம், அது எடுத்தவர், எடுப்பித்தவர் இரண்டோடும் மோதும்.

மற்ற நாடுகளைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. இணையத்தில் கிடைக்கும் ஒப்பந்த மாதிரிகள் பெரும்பாலும் அமெரிக்காவைப் பார்த்து எழுதியவை. அங்கே தனியாகத் தொழில் செய்யும் ஒளிப்படக் கலைஞருக்கே பதிப்புரிமை. அதனால்தான் அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் அங்குள்ள ஃபோட்டோ லேப்களில் பிரின்ட் போட்டுத் தரத் தயங்குகிறார்கள். பிரிட்டனில் முன்பு எடுப்பித்தவருக்கு இருந்தது. 1989 ஆகஸ்ட் 1 முதல் எடுத்தவருக்கு மாறியது. ஆனாலும் வீட்டுத் தேவைக்காக எடுப்பித்த படத்தை எடுப்பித்தவரின் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று தனி உரிமை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அதுதான். கனடா 2012-இல் மாறியது, சிங்கப்பூர் 2021-இல். ஆஸ்திரேலியாவில் குடும்பத் தேவைக்கான படம் என்றால் இன்னமும் எடுப்பித்தவருக்கு. மலேசியாவிலும் எடுப்பித்தவர் பக்கமே. அமெரிக்க மாதிரியை அப்படியே தமிழாக்கி, 'பதிப்புரிமை ஸ்டுடியோவுக்கே' என்ற வரியோடு கையெழுத்து வாங்கினால், நம் சட்டம் எடுப்பித்தவருக்குக் கொடுத்ததை அவர் அறியாமலே எழுதிக்கொடுத்துவிடுகிறார். நம்முடைய மொழிபெயர்ப்பு அதற்குத் துணைபோகக் கூடாது. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்டுடியோ நடத்துபவர்களின் பக்கமும் ஒன்று உண்டு. தாங்கள் எடுத்த நல்ல படத்தைக் காட்டினால்தான் அவர்களுக்கு அடுத்த வேலை வரும். முன்பு ஷோகேஸ், இப்போது இன்ஸ்டாகிராம். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். படிவத்தில் தனிக் கட்டமாக, தனிக் கையெழுத்தோடு 'காட்சி இசைவு' என்று வைக்கலாம். அதேபோல, ஒரு நாள் வேலைக்கு வெளியிலிருந்து கேமராமேனை அழைக்கும் ஸ்டுடியோ, அவரோடும் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே ஏவலுக்குள் இன்னோர் ஏவல் இருக்கிறது. யார் எடுப்பித்தவர் என்று பின்னால் சண்டை வரும்.

கடைசியாக, வரைவில் எல்லா இடத்திலும் 'காப்புரிமை' என்று இருக்கிறது. அது கண்டுபிடிப்புக்கானது, பதிப்புரிமை என்று மாற்ற வேண்டும். படத்தில் பதிப்பு எங்கே, படைப்புரிமை என்று வைக்கலாமே என்ற கேள்வி நல்ல கேள்வி. மற்ற இடங்களில் ஒப்புக்கொள்வேன். இங்கே படைக்காதவருக்குப் படைப்புரிமை என்று எழுத வேண்டிவரும், அது படிப்பவரைத் தடுமாற வைக்கும். ஒளிப்படமா புகைப்படமா என்பது பழைய வழக்கு. படிவத்தில் 'படம்' என்றே எழுதிவிடுவோம்.

மாற்று வரைவு:

'படம் எடுக்கச் சொல்லி, அதற்கான கட்டணத்தைத் தருபவர் இப்படிவத்தில் எடுப்பித்தவர் எனப்படுவார். படங்களின் பதிப்புரிமை எடுப்பித்தவருக்கு உரியது. எடுத்தவரின் பெயரை நீக்கியோ, அவர் பெயருக்கு இழுக்கு வரும்படி படத்தை மாற்றியோ வெளியிடுவதில்லை என எடுப்பித்தவர் ஒப்புக்கொள்கிறார். கீழே காட்சி இசைவுக் கட்டத்தில் எடுப்பித்தவரும் படத்திலிருப்பவரும் கையெழுத்திட்டால் மட்டுமே, ஸ்டுடியோ இப்படங்களைக் கடையிலோ இணையத்திலோ காட்டலாம்.'

படத்திலிருப்பவர் சிறுவர் என்றால் யார் கையெழுத்திடுவது என்ற வரியை இன்னும் எழுதவில்லை. 'காப்பாளர்' என்று எழுதினால் விடுதிக் காப்பாளர் நினைவு வருகிறது, 'பாதுகாவலர்' என்றால் கடைவாசலில் நிற்பவர். பெற்றோரும் அதில் அடங்க வேண்டும். சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்